எங்கே பெய்த மழை

அலோர் காஜா
ஆவணி 9

அன்பு மகன் கவிநேசனுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கை தாரணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மீரியில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடுவேன், மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எஸ்டேட் கோயில் குளம் வற்றிப்போய்விட்டது அய்யா. டின்னை வெளியே வைத்து மழைத்தண்ணீரை அளந்து பன்னிரண்டு வருஷமாக நான் நோட்டில் எழுதுவது உனக்குத் தெரியும். ஆடி நடுவில் கோயில் தலைவர் வீராசாமி அண்ணன் வந்து, கவிநேசன் அம்மா, தண்ணி இறங்குது, மீனையும் ஆமையையும் பிடிச்சு ஆத்துல விட்டுடலாமா, உங்க நோட்டு என்னா சொல்லுது என்று கேட்டார். நான் புரட்டிப் பார்த்து, எந்த ஆடியிலும் குளம் வத்தினதில்லண்ணே, இந்த மாசமே ஆறு நாள் மழை விழுந்திருக்கு, பயப்படாதீங்க என்றேன். வானிலை ஆபீசுக்கே நீங்கதான்லா பாடம் எடுக்கணும் என்று சிரித்துவிட்டுப் போனார், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஆறு நாளும் பெய்தது இப்போது நாம் குடியிருக்கும் தாமானில். எஸ்டேட் லயத்து வீட்டை விட்டு இங்கே வந்து மூன்று வருஷமாகிறது, டின்னையும் கூடவே கொண்டுவந்து அதே நோட்டில் தொடர்ந்து எழுதிவிட்டேன். மழை என்று எழுதினேனே தவிர எங்கே மழை என்று எழுதவில்லை. இங்கிருந்து கோயிலுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், இங்கே சாக்கடையில் தவளை கத்துகிறது, அங்கே சேறு வெடித்துக் கிடக்கிறது. ரப்பர் நின்ற மேட்டிலிருந்து குளத்துக்கு ஊற்று கசிந்து வருமே, இப்போது செம்பனை நட்டு வாய்க்கால் வெட்டி அதையும் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். பழைய ஆடியும் இந்த ஆடியும் ஒன்றல்ல என்று எனக்குத் தோன்றவேயில்லை. குளத்தில் வெள்ளைக் கொக்கு நூற்றுக்கு மேல் இறங்கியிருக்கிறது, ஆத்தா அழைத்துவந்த கூட்டம் என்று எஸ்டேட்டிலேயே இருக்கும் மங்களம் அக்கா போட்டோ அனுப்பினாள், நானும் கும்பிட்டேன். சாகிற மீனைத் தின்ன வந்த கொக்கு என்று நேரில் போனபோதுதான் தெரிந்தது. நீர்க்கோழி கட்டிய கூடு காய்ந்த சேற்றில் நிற்கிறது, முட்டையை உடும்பு தின்றுவிட்டது.

உனக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்துகொண்டு, பாசாரில் வாங்கி உன் பெயரைச் சொல்லிக் குளத்தில் விட்டேனே ஓர் ஆமை, லீவில் வரும்போதெல்லாம் நீ கீரை போடுவாயே, அது தண்ணீர் தேடி நடந்திருக்கிறது. லாரி போகிற ரோட்டில் கிடந்தது. ஓட்டின் ஓரத்தில் அந்தப் பழைய உடைசல் இருந்தது, வேறு ஆமை என்று நினைத்துக்கொள்ளவும் வழியில்லை. கோயில் பின்னால் புதைத்தோம். நானும்தானேம்மா கேட்டுட்டு சும்மா இருந்தேன் என்றார் வீராசாமி அண்ணன், நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. உன் உயிருக்காக விட்டதை நானே சாகவிட்டேன், அன்றிலிருந்து போன் அடித்தாலே உனக்கு ஏதோ என்றுதான் ஓடிப்போய் எடுக்கிறேன்.

மோட்டாரை மெதுவாக ஓட்டு, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போ. நோட்டில் மூன்று வருஷத்து மழைக்கும் பக்கத்தில் தாமான் தாமான் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பாதி இருக்கிறது. இனி அங்கே மழையா என்று நான் கேட்டால் ஆமாம்மா என்று மட்டும் சொல்லாதே, நீ நிற்கிற இடத்தில் பெய்கிறதா என்று சொல். ஆத்தா உன்னைக் கைவிடமாட்டாள்.

உன் அம்மா
பாக்கியலட்சுமி