திருட்டு கேசட்டில் கிடைத்த உன் அத்தை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. போனிலேயே சொல்லேன் என்றாள் அம்மா, எனக்கு நாக்குக் குழறும், அதனால் எழுதுகிறேன். உன் அத்தை பாடிய எட்டுப் பாட்டும் கிடைத்துவிட்டது! நீ பிறந்த வருஷம் எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் நானே உட்கார்ந்து பதிவு செய்தவை. எங்கள் கேசட் கடைக்குப் போகுமுன்பே திருட்டு கேசட் நடைபாதைக்கு வந்துவிட்டது, பாடியவள் பெயர்கூட இல்லாமல். எங்களுடையது பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது, ஒன்று விடாமல் அழித்து வெற்றுக் கேசட்டாக விற்றோம், ஆறே மாதத்தில் முதலாளி கம்பெனியை இழுத்து மூடினார், வாத்தியக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள், தையல் மெஷினில் உட்கார்ந்த உன் அத்தை அதன்பிறகு பாடவே இல்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அந்த ஆத்திரத்தில் மூலப் பதிவான மாஸ்டர் டேப்பை நானே அழித்து, அதன்மேல் பேருந்து நிலைய அறிவிப்புகளைப் பதிவு செய்தேன். அத்தையிடம் டேப்பில் பூசணம் பிடித்துவிட்டது என்று புளுகினேன்.

போன மாதம், பழைய பாட்டுகளை முறைப்படி இணையத்தில் வெளியிடும் கம்பெனி ஒன்று மாஸ்டர் டேப் இருக்கிறதா என்று கேட்டது. வேறு வழியில்லாமல் அந்தத் திருட்டு கேசட்காரனையே தேடிப் போனேன். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், நகலெடுக்கும் தொழிலை விடவில்லை பார்! கண்டால் சட்டையைப் பிடிப்பேன் என்று இருபத்தேழு வருஷமாகக் குதித்தவன் அவன் முன்னால் கைகட்டி நின்றேன். நான் பண்ணது தப்புதான் சார், ஆனா இந்தக் குரல்மேல வேற எதையும் பதிய மனசு வரல என்று சொல்லி, அன்று எங்கள் கூடத்திலேயே களவாக மாஸ்டரிலிருந்து எடுத்த முதல் நகலை நீட்டினான். கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. கோபமும் தீரவில்லை, வாங்காமல் வரவும் முடியவில்லை.

நேராக அத்தை வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டுக் கேசட்டைப் போட்டேன். மடியில் துணியை வைத்துக்கொண்டு எட்டையும் கேட்டாள். திருடினவன் பத்திரமா வச்சிருந்தான், கூடப்பிறந்த நீ அழிச்சிட்டியேண்ணா என்றாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள், இன்று காலை, பையுடன் நம் வீட்டு வாசலில் நிற்கிறாள்! எட்டும் வெளியாகட்டும், கூட ஒண்ணு புதுசாப் பாடறேன், நீதான் பதிவு பண்ணணும், ஆனா மாஸ்டர் என்கிட்டதான் இருக்கும் என்றாள். நான் அழுதுவிட்டேன் பாப்பா, வெட்கமில்லாமல்.

வெளியானதும் முறையாக வாங்கிக் கேள், சிநேகிதிகளுக்கு நகல் அனுப்பினாய் என்று தெரிந்தால் தொலைத்துவிடுவேன். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நிறைவாக இருங்கள். நாளை பத்து மணிக்குப் பதிவு. பக்கத்து அறையில் இப்போதே பாடிப் பார்க்கிறாள், எழுத ஓடவில்லை, நான் கேட்கப் போகிறேன்.

உன் அப்பா