சீயக்காய் பட்ட கண்

12 ஜூன், வியாழன்

காலையிலேயே எரிச்சல். ரிஷிவந்தியத்தில் நேற்று இறந்த ஆதிமூலம் என்பவரின் கண்கள் எங்கள் கண் வங்கிக்கு வந்திருக்கின்றன. எடுக்கப் போன எங்கள் ஊழியர் அன்புச்செல்வன் வீட்டைத் தொடுவதற்குள் எண்ணெய் சீயக்காய் வைத்துக் குளிப்பாட்டிவிட்டார்களாம். கண்ணை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள் என்று போனில் சொல்லியிருந்தோம். வரிசையில் நிற்கும் சொந்தபந்தத்தை யார் தடுப்பது? சீயக்காய் வழிந்து இரண்டு கருவிழியும் மேலே வெந்து கிடக்கின்றன.

மதியம் அவர் மனைவி கொளஞ்சியம்மாள் போன் செய்தார். "நான்தாங்க மொதல்ல சீயக்கா வச்சேன். அவரு கண்ணு வீணா பூடுச்சா?"

நாலு வார்த்தை கேட்கத்தான் நினைத்திருந்தேன். முடியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

13 ஜூன்

மேலே போனது போனதுதான். ஆனால் ஒரு கண்ணில் கருவிழியின் உள்படலச் செல்கள் உயிரோடு இருக்கின்றன! ஆபரேஷன் செய்யும் டாக்டர் எழில்மதிக்கு வேண்டியதும் அதுதான். வெள்ளிமலை ஜீப் டிரைவர் பழனி வார்டில் காத்திருக்கிறார். ஒரு கண் சின்ன வயதிலேயே போனது. மற்றதில் இந்தச் செல்கள் செத்து நீர் கோத்துவிட்டது. இவை செத்தால் மறுபடி முளைக்காது. என் இடுக்கி பட்ட இடமும் சாகும். நாளை அந்தப் படலத்தை உரிக்க வேண்டும்.

14 ஜூன்

படலம் கிழிஞ்சிடுச்சு. ஓரத்துல.

இன்னும் இழுத்திருந்தால் நடுவரை போயிருக்கும். விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் தொடங்கினேன். திரவத்திலேயே மிதக்கவிட்டு, மெல்ல மெல்ல. வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லிசு. வந்துவிட்டது. செத்த செல்தான் நீலச் சாயம் பிடிக்கும். கிழிந்த ஓரம் மட்டும் நீலமானது. டாக்டரிடம் காட்டினேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். பிறகு, "நடு நல்லாருக்கு. ஓரத்த வுட்டுட்டு வெட்டிக்கலாம்" என்றார்.

சாயங்காலமே ஆபரேஷன் முடிந்தது. கண்ணுக்குள் விட்ட காற்றுக்குமிழிதான் படலத்தைத் தாங்குகிறது. குமிழி நகராமலிருக்க பழனி மல்லாந்தே படுத்திருக்கிறார்.

16 ஜூன்

பழனிக்குப் பார்வை ஒரே மூட்டம். கொளஞ்சியம்மாள் மறுபடி போன். நான் எடுக்கவில்லை.

19 ஜூன்

அப்படியேதான் இருக்கு. நான் தொட்டதாலயா? சீயக்காயாலயா?

24 ஜூன்

வார்டு வாசலில்தான் நின்றேன். உள்ளே போகப் பயம். கட்டிலிலிருந்து பழனி, "இன்னாமா, மூஞ்சிய தொங்கப்போட்டுக்கினு நிக்கிறீங்க?" என்றார்.

அங்கிருந்தே தெரிகிறது அவருக்கு.

வெளியே வந்து கொளஞ்சியம்மாளுக்குப் போன் போட்டேன். பெயர் சொல்லக் கூடாது. ஒருத்தருக்குப் பார்வை வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவங்களுக்குக் கண்ணு எரியுதாங்க?"

இல்லம்மா, கொஞ்சங்கூட எரியல என்றேன்.