சங்கில் திணித்த துணி

20 நவம்பர் 2003, வியாழன்

மணலியில் ஒரு ஆலைக்கு நான் வடிவமைத்துக் கொடுத்த வாயுக்கசிவு அலாரம், பம்ப் ஓடத் தொடங்கும்போதெல்லாம் வீணாகச் சங்கு ஊதுகிறது என்று புகார் வந்தது. காலையில் நானே போனேன். பம்ப் ஆபரேட்டர் ஏகாம்பரம் சங்கின் வாய்க்குள் பழந்துணியைத் திணித்து வைத்திருந்தார்.

"இன்னாம்மா பண்றது? சும்மா சும்மா கத்திகினே கீது."

போர்டைக் கழற்றியதும் என் தப்பு தெரிந்தது. கரண்ட் போகும் தடத்தை ஸ்கேலால் அளந்து, சென்டிமீட்டருக்குப் பத்து நானோஹென்றி என்று இண்டக்டன்ஸை மதிப்பிட்டிருந்தேன். கரண்ட் திரும்பி வரும் வழியை நினைக்கவே இல்லை. ஒரே ஒரு சிக்னல் தடத்துக்கு இடம் வேண்டும் என்று அடியில் கரண்ட் திரும்புவதற்காக இருக்கும் கிரவுண்ட் செம்புப் படலத்தை நானே பிளந்திருக்கிறேன். திரும்பும் கரண்ட் அந்தப் பிளவைச் சுற்றிக்கொண்டு வருகிறது. வளையம் பெரிதானால் இண்டக்டன்ஸும் பெருகும். பம்ப் கிளம்பும்போது அதில் எழும் பொய்யான மின்துடிப்பைத்தான் போர்டு வாயுக்கசிவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. டிப்ளமோ முதல் வருஷத்திலேயே படித்ததுதான்.

பிளவுக்குக் குறுக்கே தடித்த செம்புக் கம்பி ஒன்றைப் பற்றவைத்தேன். பம்பைப் பத்து தடவை போட்டுப் போட்டு நிறுத்தினோம். போர்டின் சிவப்பு அலார விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

"சரியாயிடுச்சுண்ணே. துணிய எடுத்துடுங்க."

"மாட்டுனப்பவும் இத்தாம்மா சொன்னே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

ஸ்டூல் போட்டு ஏறி நானே எடுத்திருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் கை வரவில்லை.

இன்று அவருக்கு டபுள் டூட்டி. இந்நேரம் அந்தப் பம்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். இனி வாயு கசிந்தால் போர்டு சரியாகச் சொல்லிவிடும். துணியை எடுத்தாரா என்றுதான் தெரியவில்லை.