முட்டை வைக்காத லசானியா

மார்ச் 2, ஞாயிறு

ஞானராஜ் போன் செய்தார். விழுப்புரத்தில் கூட்ஸ் வண்டி கார்டு, மனைவியை இழந்தவர், போன மாதம் சிநேகிதி கலையரசி தன் வீட்டில் வைத்து எனக்கு அறிமுகம் செய்தவர் — இதையெல்லாம் யாருக்காக எழுதுகிறேன்? எனக்குத் தெரியாதா? பிடித்திருக்கிறது என்று எழுதினால் போதாதா? எழுதிவிட்டேன். நாற்பத்தாறு வயதில் இது ஒரு கூத்து.

ஆனால் முடிவு எங்கள் இருவர் கையிலும் இல்லை. அவர் மகள் வெனிலா சரி என்றால்தான் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலைக்குப் பெயர் கொடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற பெண். என்னைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி, “அந்த டீச்சருக்கு லசானியா பண்ணத் தெரியுமா?”

தெரியும் என்று சொல்லிவிட்டேன். கணக்கு டீச்சர் இப்படிக் கூசாமல் பொய் சொல்லலாமா?

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல், மனதில் சீஸ். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

ஆளுக்கொரு அடுக்கு சொல்கிறார்கள். கலையரசி லசானியாவுக்கான மைதா ஷீட்டே வாங்குவதில்லையாம். ஓரம் வெட்டிய பிரெட், அதன்மேல் கொத்துக்கறி, சீஸ், மறுபடி பிரெட், எல்லாவற்றையும் இட்லிப் பானையில் வைத்து ஆவி காட்டிவிடுகிறாள். வீட்டில் ஒருவரும் குறை சொன்னதில்லையாம். அவள் வீட்டில் குறை சொல்லிவிட்டு யார் பிழைப்பது?

கீழ்வீட்டு ஜெசிந்தா முன்பு குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் வரும் ஒரு பேக்கரியில் இருந்தவள். தட்டில் முதலில் ஒயிட் சாஸ் ஊற்றச் சொன்னாள். அடியில் போய்ச் சாஸை வீணாக்குவானேன் என்று ஷீட்டைக் காய்ந்தபடியே வைத்தேன். கறியையும் பிரியாணிக்குச் செய்வதுபோல் நன்றாகச் சுண்டவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அடி பிடித்து, ஓரமெல்லாம் அப்பளம். கத்தி இறங்கவில்லை. ஓவனைத் திட்டினேன். ஓவன் ஜெசிந்தாவுடையது, அவளும் பக்கத்தில்தான் நின்றாள்.

“ஷீட்டு தண்ணிய குடிச்சித்தான் வேகும் டீச்சர். ஒரு சொட்டு ஊத்தாம வச்சிக்கினு ஓவன திட்டினா?”

மார்ச் 16, ஞாயிறு

வந்துவிட்டது! அடியில் ஒயிட் சாஸ், ஷீட், தளர்வான கறிக்குழம்பு, மறுபடி ஒயிட் சாஸ், ஷீட். கறிக்கு மிளகும் சோம்பும் என் கைப்பழக்கம், அதை மட்டும் யார் சொன்னாலும் விடமாட்டேன். ஆறவிட்டு வெட்ட வேண்டும் என்றாள் ஜெசிந்தா. ஆறும் முன்பே நின்றபடி பாதித் தட்டைக் காலி செய்தோம். நாக்கு சுட்டதுகூடச் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

ஞானராஜுக்கு டூட்டி மாறிவிட்டது. சனிக்கிழமைக்குப் பதில் வெள்ளி மதியமே மகளோடு சாப்பிட வருகிறார். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேரி. அவ அம்மா லசானியா நடுவுல அவிச்ச முட்டைய வட்டமா வெட்டி அடுக்குவா. நீங்களும் அதே மாதிரி வச்சிடுங்க. பொண்ணு உருகிடும்.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இல்லாதவளுடைய அடுக்கை எடுத்து அவள் மகளுக்கே பரிமாறுவதா? வைக்காவிட்டால், என் அம்மா மாதிரி இல்லை என்று அவள் தட்டைத் தள்ளிவிட்டால்? இது இன்னா பேஜாரு. ஒரு முட்டைக்கு இவ்ளோ யோசிக்கணுமா நானு?

மார்ச் 20, வியாழன்

நாளைக்கு லீவ் எழுதிக் கொடுத்தாயிற்று. அடுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. முட்டை வைக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.

பிடிக்கணும், மாதாவே.

மார்ச் 21, வெள்ளி

மானம் போயிற்று.

பெண் அப்பாவைப் போலவே ஒல்லி. உள்ளே வந்ததும் மோந்து பார்த்துச் சிரித்தாள். செபம் சொல்லி உட்கார்ந்தோம். முதல் துண்டை வெட்டி அவள் தட்டில் வைத்தேன். அடுக்கு அப்படியே கோடு போட்டதுபோல் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் அந்தத் துண்டைப் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“டீச்சர், இன்னைக்கு வெள்ளிக்கிழம இல்ல?”

தவக்கால வெள்ளி! பிறந்தது முதல் இந்த நாளில் கறி தொட்டதில்லை. லீவ் லெட்டரில் வெள்ளி என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன், அப்போதும் உறைக்கவில்லை. ஞானராஜைப் பார்த்தேன். டூட்டி சார்ட்டுக்கு வெளியே கிழமை பார்த்து அவருக்கு வருஷக்கணக்காகிறது. மூன்று கத்தோலிக்கர்கள் ஒரு தட்டுக் கொத்துக்கறியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம்!

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெனிலா மேல் ஷீட்டைக் கத்தியால் தூக்கிப் பார்த்து, இந்த மாடி வரைக்கும் சைவம்தான் என்றாள். ஞானராஜுக்குப் புரையேறியது. அதற்குப் பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மோர்சாதமும் நார்த்தங்காயும் சாப்பிட்டோம்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவர் சாயங்கால வண்டிக்குக் கிளம்பினார். அவள் செருப்பைப் போடவில்லை.

“நீ போப்பா. நான் நாளைக்கு லசானியாவ சாப்ட்டுட்டு வர்றேன்.”

இப்போது ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான்தான் சமையலறையில் ஒளிந்துகொண்டு எழுதுகிறேன்.

மார்ச் 22, சனி

ஒரு நாள் ஊறிய லசானியா, நேற்றே சாப்பிட்டிருந்தால்கூட இவ்வளவு நன்றாக இருந்திருக்காது. ஷீட் சாஸை முழுக்கக் குடித்துவிட்டிருந்தது. வெனிலா ஒரு துண்டை முடித்து இன்னொன்று எடுத்தாள்.

அப்பா முட்டை வைக்கச் சொல்லியிருப்பாரே என்றாள். சொன்னார் என்றேன். பிறகு ஏன் வைக்கவில்லை? அது உன் அம்மா பண்ணுவது, இது நான் பண்ணுவது என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்துவிட்டது.

“நேத்து வெட்னப்பவே பாத்தேன் டீச்சர். முட்ட இருந்திருந்தா அப்பாகூடவே ரயில் ஏறியிருப்பேன்.”

சொல்லிவிட்டு, கறியில் சோம்பு எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டாள். என் கைக்குத்தான் அளவு தெரியும். சோம்பு டப்பாவைத் திறந்து கையில் அள்ளிக் காட்டினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முதல் ஓலை. அங்கே விழுப்புரத்தில் ஒரு கோயிலிலும் இங்கே திண்டிவனத்திலும் வாசித்தார்கள்.

வெனிலா காலை முதல் பஸ்ஸிலேயே இங்கு வந்துவிட்டாள். உன் பங்குக் கோயிலில் உன் அப்பா தனியாக இருப்பாரே என்றேன். “அங்க சொந்தம் பூரா இருக்குது. உங்க பக்கத்துல யாரு உக்காருவாங்க?” என்றாள்.

என் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டதும் காது சூடாகிவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில் நெளிந்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று ஃபாதர் வாசித்து முடித்தார். உடனே வெனிலா முழுசாகப் பின்னால் திரும்பி, ஒவ்வொரு வரிசையாகக் கடைசி வரை முறைத்துப் பார்த்தாள். கோயிலில் ஒருவரும் இருமக்கூட இல்லை.

அப்புறம் திரும்பி உட்கார்ந்து என் முக்காட்டைச் சரி செய்தாள்.

“இன்னும் ரெண்டு ஓல இருக்குதில்ல டீச்சர்? ரெண்டுக்கும் வர்றேன்.”