எனக்கும் வேணும் சேர்

செவ்வாய், இரவு

இன்று லுணுகலை டியூஷனில் ஆங்கில இலக்கண மீட்டல். சாதாரண தரப் பரீட்சை நெருங்கிவிட்டது. செயப்பாட்டு வினைக்கு வந்ததும் சேர், "தோட்டத்துப் பிள்ளைகள் இத விடுங்க. கடிதம் எழுதுற கேள்வியப் பாடமாக்கினா பாஸ் பண்ணலாம்" என்றார். பிறகு டவுன் பிள்ளைகள் பக்கம் திரும்பி விளக்கத் தொடங்கினார்.

நான் எழுந்து நின்றேன்.

"எனக்கும் வேணும் சேர்."

"தேயிலைக் கொழுந்து எடுக்க இது எதுக்கும்மா?"

வகுப்பே சிரித்தது. மாலதியும் சிரித்தாள். அதுதான் இன்னும் எரிகிறது. அவளும் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளைதான்.

"கொழுந்து எடுக்கிறது எங்கம்மா சேர். நான் இங்கிலீஷ் படிக்க வந்திருக்கேன்."

நான் உட்காரவில்லை. அவர் சோக்கை நீட்டி, ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் செயப்பாட்டு வினையாக மாற்றி எழுதச் சொன்னார். 'டேக்கன்' வர வேண்டிய இடத்தில் 'டுக்' என்று எழுதிவிட்டேன். மறுபடியும் சிரிப்பு.

"ஏன் பிழைன்னு சொல்லுங்க சேர்" என்று கரும்பலகைக்குப் பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் முதலிலிருந்து எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். மாலதியும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த வகுப்பில் நிபந்தனை வாக்கியங்கள். அதையும் விடச் சொல்வார். சொல்லட்டும். முன் வாங்கில் போய் உட்காரப் போகிறேன்.