அம்மா கேட்ட சிப்பி

நுகுனோனுத் தீவு,
கப்பல் வருவதற்கு முந்தின நாள்.

அன்புள்ள தம்பி பலானிகோவுக்கு,

அக்கா லுகியா எழுதுவது. போரிருவா நகரத்துக் குளிரில் நீயும் அம்மாவும் போர்வைக்குள் கிடப்பீர்கள். இங்கே இலைகூட அசையவில்லை. பிள்ளைகள் சுகம்.

வைத்தியர்கள் கைவிரித்த பிறகு அம்மா சாப்பாடு எதையும் தொடுவதில்லை, நம் காயலின் பெருஞ்சிப்பியை மட்டும் கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். படித்து அழுதேன். அழுத முகத்தோடேயே ஊர்ப் பெரியவர் கெலெமெதே வீட்டுக்கு ஓடினேன்.

போன கோடையில் காயல் தண்ணீர் சுட்டது. பவளப்பாறையெல்லாம் எலும்பு மாதிரி வெளுத்துப் போயிற்று. சிப்பிகளும் வெளுத்து வாய் பிளந்து செத்தன. கிழக்குத் திட்டோரம் மட்டும் கொஞ்சம் பிழைத்திருக்கின்றன. அங்கே ஓலை கட்டி, யாரும் இறங்கக் கூடாதென்று மூடியிருக்கிறார்கள். நீ போன முறை ஐஸ் பெட்டிகளில் அள்ளிக்கொண்டு போய் சினேகிதர்களுக்கு விருந்து வைத்தாயே, அந்தக் காலம் போய்விட்டது துரையே.

ஒரு கை சிப்பி போதும் என்று கெஞ்சினேன். கெலெமெதே தலையைச் சொறிந்தார். "எடுத்தா ஊருக்கே பங்கு வைக்கணும் லுகியா. ஒரு வீட்டுக்குன்னு எடுத்த வழக்கம் நம்மகிட்ட ஏது?" என்றார்.

ஊர்க் கூட்டத்தில் மறுப்பார்கள் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். "உங்கம்மா எங்களுக்கும் அம்மாதான். நீ ஒரு வார்த்தை சொல்லு, திறந்துடறோம்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். திறந்தால் வீட்டுக்கு வீடு பங்கு போகும். இனம் பெருக ஒரு சிப்பி மிஞ்சாது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

சனிக்கிழமை வெளிக்கடலில் பிடித்த சூரையைப் பங்கு வைத்தார்கள். வீட்டுப் பெயர்களைக் கூப்பிடும்போது அம்மா பெயரையும் கூப்பிட்டார்கள். அவள் ஊரைவிட்டுப் போய் எத்தனை காலம்! யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பங்கை உலர்த்தி இந்தக் கப்பலில் அனுப்புகிறேன். தேங்காய்ப்பாலில் ஊறவைத்து, நன்றாகப் பிசைந்து ஊட்டு.

சிப்பி எங்கே என்று கேட்பாள். காயல் மூடியிருக்கிறது என்று சொல்லாதே, மனம் உடைந்துபோவாள். லுகியா தரமாட்டேன் என்றுவிட்டாள் என்றே சொல். அவள் வாய்தான் உனக்குத் தெரியுமே, எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டுவாள். நன்றாகத் திட்டட்டும். அடுத்த கப்பல் நான் ஏறி வந்து சேரும்வரை, அவளை நிறுத்தவிடாதே தம்பி.

ஆண்டவர் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் அக்கா,
லுகியா