கூடுதலாக விழுந்த ஒரு வணக்கம்

ஹேரானின் அம்மாவுக்கு,

நீ செருப்பால் அடித்த தோள்பட்டை சுகம். சண்டைக் குழுவில் எல்லாருக்கும் அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன்.

சியோலின் கூரைகள்மேல் பறந்து, வாள் வீசி, செத்த காதலனை மறுவுலகில் தேடும் ஒருத்தியின் சினிமா நாங்கள் இப்போது எடுப்பது. அதில் நான் அவளுடைய அப்பா, முதல் காட்சியிலேயே காலி. கறுப்பு நாடா கட்டிய என் புகைப்படத்தைச் சவ வண்டியின் முன்னால் வைத்து நம் தெருவழியே ஓட்டியது கலைப்பிரிவின் வேலை. கோபித்துக்கொண்டு மொக்போவில் அக்கா வீட்டோடு தங்கிவிட்ட உனக்கு, அதைப் பார்த்துவிட்டுப் போன் போட்டது சலவைக்கடைக்காரியின் வாய். நான் நிரபராதி.

கறுப்பு உடுப்பில் ஓடிவந்தாய். படப்பிடிப்புக்காகப் போட்ட சாவு மண்டபத்தில் ஊதுபத்தி புகைந்தது, துணை நடிகர்கள் ஒப்பாரி வைத்தார்கள். செத்தவர்களுக்குச் செய்வதுபோல் என் படத்துக்கு முன் இரண்டு முறை விழுந்து வணங்கினாய்.

"பாவி மனுஷா, அறுவடைத் திருநாளுக்கு வீட்டுக்கு வந்துரலாம்னுதானே இருந்தேன்! அதுக்குள்ள என்னய்யா அவசரம்?"

இயக்குநரே மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் வாய் நிறையச் சோற்றோடு திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"நீ நெஜமாவே செத்துத் தொலைஞ்சிருக்கலாம்யா!" என்று அடித்துவிட்டு ரயிலேறினாய். சிரிப்பை அடக்கியதை நான் பார்த்துவிட்டேன். நீ வரவே மாட்டாய் என்று பயந்துகொண்டிருந்தவன் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரே சந்தேகம். செத்தவனிடம் சொன்ன வார்த்தை உயிரோடிருப்பவனுக்கும் செல்லும்தானே? உயிரோடிருப்பவனுக்கு ஒரு வணக்கம்தான் முறை. கூடுதலாக விழுந்த அந்த ஒன்றைத் திருநாளன்று வாசலிலேயே உன் காலில் விழுந்து திருப்பித் தருகிறேன்.

இன்னும் சாகாத,
உன் வீட்டுக்காரன்